இலவம் பஞ்சு உறங்குபை: குளிர் காக்கும் ஒரு பாடம்

கடைகளில் 'ஸ்லீப்பிங் பேக்' என்று விற்கப்படும் பொருளை நாம் உறங்குபை என்றே குறிப்போம். கம்பளியைப்போல் மேலே போர்த்திக்கொள்வதன்று; உடல் முழுவதையும் உள்ளே நுழைத்து, ஜிப் இட்டு மூடிக்கொள்வது. முன்பு இராணுவத்தாருக்கும் இமயமலை ஏறுவோருக்கும் மட்டுமே உரியதாயிருந்த இப்பை, இப்பொழுது நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் சாரணர் முகாமுக்கும் மலையேற்றத்திற்கும் செல்கின்றனர். பெரியவர்கள் மார்கழி, தை மாதங்களில் சம்மேத சிகர யாத்திரை மேற்கொண்டு, விடியுமுன் இருளில் எழுந்து மலையேறத் தொடங்குகின்றனர். எல்லோருக்கும் குளிர் ஒன்றுதான்.

ஆனால் பையின் உள்ளே அடைத்திருப்பது யாது என்று வினவுவோர் மிகச் சிலரே. விலை உயர்ந்த பைகளில் இருப்பது வாத்தின் தூவி. அதாவது இறகுகளுக்கு அடியில் மார்பை ஒட்டி வளரும் மென்மயிர். பெரும்பாலும் அது இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட பறவையிடமிருந்து வருவது. சில இடங்களில் உயிருள்ள வாத்திடமிருந்தே பறித்தெடுத்ததும் உண்டு. 2014இல் இத்தொழிலுக்கென ஒரு தரமுத்திரை ஏற்படுத்தப்பட்டது. அது உயிரோடு பறிப்பதையும் வலிந்து தீனி ஊட்டுவதையும் விலக்குகின்றதேயன்றிக் கொலையை விலக்கவில்லை. ஆகவே முத்திரை இருந்தாலும் நம் வினா அப்படியே நிற்கின்றது.

"முனிவர் பெருமக்கள் மயிற்பீலி ஏந்துகின்றார்களே, அதுவும் இறகுதானே?" என்று ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். மயில் தானே உதிர்த்த பீலி அது. இதற்கு நிகரான ஒன்று தூவியிலும் இருக்கின்றது. ஐசுலாந்துத் தீவின் கடற்கரையில் ஈடர் என்னும் காட்டு வாத்து, தன் மார்புத் தூவியைத் தானே எடுத்துக் கூட்டில் பரப்பி முட்டையிடும். அவ்வாறு கூட்டில் கிடைக்கும் தூவியை அங்குள்ள குடியானவர்கள் சேகரிக்கின்றனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3 டன்னே கிடைக்கும். விலையோ நம்மால் எண்ணிப்பார்க்க இயலாதது. கடையில் 'டவுன்' என்று எழுதி விற்பது அதுவன்று. இறகு என்னும் பொருளில் குற்றமில்லை, அது வந்த வழியில்தான் குற்றம் என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.

அப்படியாயின், ஓர் உயிருக்கும் ஊறு செய்யாமல் அத்தூவி தரும் சூட்டைப் பெற இயலுமா? இயலும் என்பதும், அதற்கு வேண்டிய பொருள் போடிநாயக்கனூரிலேயே கிடைக்கின்றது என்பதுமே இப்பாடத்தின் செய்தி.

குளிர் எங்கிருந்து வருகின்றது?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். கம்பளியோ பையோ நமக்குச் சூட்டைத் தருவதில்லை. சூடு நம் உடலுடையது. அது வெளியேறாமல் காப்பதே போர்வையின் தொழில். ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் நாம் இதனை எத்தனை முறை கூறினாலும், பயிற்சிப் பாடம் எடுக்கும் வேளையில் 'கம்பளி சூடு கொடுக்கும்' என்றே கரும்பலகையில் எழுதுவார்கள். பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்தால் நெடுநேரம் உருகாமலிருப்பதை ஒரு முறை காட்டிவிட்டால் போதும்; பிறகு எவரும் அவ்வாறு எழுதமாட்டார்.

வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் அசையாத காற்று. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கருங்கல்லோ சுமார் 100 மடங்கு. மதுரையை அடுத்த மாங்குளம், ஆனைமலை முதலிய குன்றுகளில் நம் முனிவர்கள் பயன்படுத்திய கற்படுக்கைகளைக் கண்டவர்கள், அவ்வழவழப்பான பாறையில் ஓர் இரவு கிடப்பது என்ன என்பதை இக்கணக்கினால் ஓரளவு உணரலாம். போடிக்குத் தெற்கே உத்தமபாளையத்திலும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அச்சணந்தியின் பெயர் பொறித்த வட்டெழுத்தும் இருக்கின்றன. அது துறவோர் நெறி. நாம் பேசுவது இல்லறத்தாரைப் பற்றி.

மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும். போடி நகரம் கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 350 மீட்டர். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தால் சுமார் 1,400 மீட்டர். ஆக, ஊரைவிட 7 பாகை குறைவு. கொழுக்குமலை 2,000 மீட்டருக்கும் மேல். அங்கு 11 பாகையளவு குறையும். போடியில் தை மாதத்து இரவு 20 பாகையாக இருக்கும்பொழுது அங்கே 9 பாகை. பள்ளத்தாக்குகளில் இக்கணக்கு பொய்த்து இன்னும் குளிரும். ஏனெனில் குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியே இறங்கிக் குழியில் தேங்கிவிடும். மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சில ஆண்டுகள் சனவரியில் உறைபனி படிவது இதனால்தான்.

ஏலமலைச் சரிவுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஏலச்செடி நிழலும் ஈரமும் வேண்டுவது. அது வளரும் சரிவில் மூடுபனியும் சாரலும் விட்டு நீங்கா. வெறுங்குளிரைவிட ஈரக்குளிர் கொடியது என்பதைப் போடியிலிருந்து வைகறையில் ஜீப் ஏறித் தோட்டத்திற்குச் செல்லும் பெண்கள் நமக்குச் சொல்லவேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும். தோட்டத்து லயங்களில் தங்கும் குடும்பங்களில் கைக்குழந்தையும் இருக்கும், பாட்டியும் இருப்பார்.

குளிர் தாங்காமல் சிலர் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு உள்ளே கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்குகின்றனர். இது ஒருபோதும் கூடாது. மூடிய அறையில் கரி எரியும்பொழுது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் விழிக்காமலே இறந்துபோவர். மலையூர்களில் இவ்வாறு உயிரிழந்தோர் பலர். கூடாரத்திற்குள் அடுப்பு மூட்டுவதும் இதுவே. இரவில் தீ மூட்டினால் அதில் வீழ்ந்து மடியும் சிற்றுயிர்களை எண்ணி நம் முன்னோர் அதனைத் தவிர்த்தனர். காட்டில் தீயின் கேடு இன்னும் பெரிது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயின்றிச் சூடாயிருக்க வழி தேடுவது வெறும் வசதிக்காக அன்று.

இலவம் பஞ்சின் இயல்பு

போடியையும் அதனைச் சுற்றியுள்ள மலையடிவாரத்தையும் அறிந்தவர்களுக்கு இலவமரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஏலக்காய்க்குப் பெயர்பெற்ற அவ்வூர், இலவம் பஞ்சுக்கும் மெத்தை, தலையணைக்கும் பெயர்பெற்றது. தமிழில் இலவு என்பது இரண்டு மரங்களுக்குப் பொதுப்பெயர். செந்நிறப் பூப்பூக்கும் முள்ளிலவு ஒன்று. வெளிர்நிறப் பூப்பூக்கும் மற்றொன்று. மெத்தைக்கு மிகுதியாகப் பயன்படுவது பின்னது. இரவில் மலரும் அதன் பூவில் தேனருந்த வௌவால்கள் வரும். மகரந்தம் பரவுவதும் அவற்றால்தான். கோடையில் காய் முற்றி உலர்ந்து வெடிக்கும். பழமென்று காத்திருந்து ஏமாந்த கிளியை நாம் பழமொழியில் ஏளனம் செய்கின்றோம். கிளிக்குப் பசி, பாவம். குளிரில் வாடுவோருக்கோ அக்காயினுள் இருப்பதே வேண்டுவது.

பருத்தியில் பஞ்சு விதையின்மேல் ஒட்டி வளரும். இலவிலோ அது காயின் உட்சுவரிலிருந்து வளர்வது. விதை தனியே கிடக்கும். ஆதலால் கோலால் அடித்தாலே விதை பிரிந்துவிடும். இழையின் அமைப்புதான் வியப்பூட்டுவது. உருப்பெருக்கியில் பார்த்தால் அது ஒரு மெல்லிய குழாய். சுவர் மிகமிக மெலிது, உள்ளே முழுவதும் காற்று. இழையின் கன அளவில் பெரும்பங்கு வெற்றிடமே. அதனால் இழையின் அடர்த்தி, உள்ளிருக்கும் காற்றையும் சேர்த்து, ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.3 கிராம், பருத்தியிலோ அது 1.5. மேலும் இழையின் புறத்தே இயற்கையான மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஒரு பிடி இலவம் பஞ்சைத் தண்ணீரில் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்து மிதக்கும். பருத்திப் பஞ்சு ஊறி அமிழ்ந்துவிடும்.

இக்குணத்தால் கடலில் உயிர்காக்கும் மேலங்கிகளை நெடுங்காலம் இப்பஞ்சினாலேயே நிரப்பினர். இரண்டாம் உலகப்போரில் 1942இல் சாவகத் தீவு சப்பானியர் வசமானபின் அமெரிக்கருக்கு இலவம் பஞ்சு வருவது நின்றுபோயிற்று. அதற்கு ஈடாக 1944இல் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் காடுமேடெல்லாம் திரிந்து, நம் எருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்களைச் சாக்குச் சாக்காகப் பறித்துச் சேர்த்தனர். எருக்கங்காய்ப் பஞ்சை ஊதி விளையாடிய நம் பிள்ளைகள் இச்செய்தியை விரும்புவார்கள். அக்காலத்து உறங்குபைகளிலும் இலவம் பஞ்சு இருந்தது. பின்னர்ச் செயற்கை இழைகள் வந்து அதனைத் தள்ளிவிட்டன. இன்று நுரை மெத்தை வீட்டு மெத்தையையும் தள்ளுகின்றது.

காய் எடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். நாவல் மரத்தை அடைந்த அறுவரின் கதையை நாம் லேசியைப் பாடத்தில் படித்திருக்கின்றோம். வேரோடு வெட்ட நினைத்தவன் முதல், உதிர்ந்த கனியே போதும் என்றவன்வரை. மரம் நிற்க, முற்றி உலர்ந்த காயை மட்டும் எடுக்கும் இத்தொழில் அவ்வரிசையில் கடைசிப் படிகளில் நிற்பது. ஆயினும் உயரமான மரம். ஏறுபவர் தவறி விழுவதும், பஞ்சு அடிக்கும் கொட்டகையில் தூசி மூச்சில் ஏறுவதும் உண்டு. விலை பேசும்பொழுது அவர்களையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

குறைகளையும் மறைக்கலாகாது. இலவம் பஞ்சு எளிதில் தீப்பற்றும். மடித்து அழுத்தி வைத்தால் தூவியைப்போல் முழுவதும் மீளாது. துவைத்தால் கட்டிகட்டியாகும். எடையும் கூடுதல். இவற்றை அறிந்து வடிவமைத்தால் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம்.

எவ்வளவு பஞ்சு வேண்டும்?

எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். உறங்கும் ஒருவரின் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 75 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு நிகர். இதில் கால்பங்கு மூச்சினாலும் தோலின் ஈர ஆவியாலும் போய்விடும். எஞ்சிய சுமார் 55 வாட்டை, உடலின் பரப்பாகிய 1.6 சதுர மீட்டருக்குப் பங்கிட்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 35 வாட். இவ்வளவு வெப்பம் மட்டுமே வெளியேற வேண்டும். இதற்கு மேல் போனால் உடல் நடுங்கத் தொடங்கும்.

மலையின் மிகக் குளிர்ந்த இரவுக்கு 5 பாகை என்று வைத்துக்கொள்வோம். தோலின் வெப்பம் 33 பாகை; வேறுபாடு 28. இதனை 35ஆல் வகுத்தால் 0.8 வரும். இதுவே நமக்கு வேண்டிய வெப்பத்தடை. (இத்துறையில் 'குளோ' என்றோர் அலகை 1941இல் வகுத்தனர், 21 பாகை வெப்பமுள்ள அறையில் அமர்ந்திருப்பவருக்கு இதமளிக்கும் உடையின் தடை அது, 0.155. நமக்கு வேண்டியது ஐந்து குளோ.) உடுத்திய உடையும், பையை ஒட்டி நிற்கும் காற்றும் சேர்ந்து 0.25 அளவைத் தாங்கிக்கொள்ளும். மீதி 0.55. பஞ்சின் கடத்துதிறனைச் சற்றுத் தாராளமாகவே 0.04 என்று கொண்டு பெருக்கினால், பஞ்சின் கனம் 0.022 மீட்டர், அதாவது 2.2 சென்டிமீட்டர்.

கணக்கு காகிதத்தில் இருப்பது, பஞ்சோ அமுங்குவது. தையலில் கசிவும் இருக்கும். ஆகவே 3.5 சென்டிமீட்டர் வைக்கவேண்டும். பையின் பரப்பு 2.5 சதுர மீட்டர் என்றும், ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ வீதம் தளர்வாக அடைப்பதென்றும் கொண்டால், பஞ்சு 1.75 கிலோ ஆகின்றது. துணியும் சேர்ந்து இரண்டரைக் கிலோவை நெருங்கும். இதே சூடு தரும் தூவிப் பை ஒரு கிலோவை ஒட்டியிருக்கும். முதுகில் சுமந்து நெடுந்தூரம் நடப்பவருக்கு இவ்வேறுபாடு பெரிது. அத்தகையோர் உட்புழை உள்ள பாலியஸ்டர் இழைப் பையை வாங்கட்டும். அதிலும் பறவை இல்லை. வண்டியில் சென்று முகாமில் தங்குவோருக்கும், யாத்திரை விடுதியில் உறங்குவோருக்கும், லயத்துக் குடும்பத்திற்கும் இரண்டரைக் கிலோ ஒரு சுமையன்று.

கடையில் வாங்குவோர் பையின்மேல் எழுதியிருக்கும் பாகை எண்களைக் கவனிக்கவேண்டும். ஐரோப்பாவில் 2002இல் ஒரு தர அளவை வந்தது. 2016இல் அது உலக அளவையாயிற்று. சூடேற்றிய பொம்மையை உள்ளே படுக்கவைத்து அளந்து, மூன்று எண்களைத் தருவார்கள். முதலாவது, இதமான உறக்கத்திற்கு உரியது. அது பெண்ணின் உடலைக் கொண்டு கணித்தது. இரண்டாவது, ஆடவர் ஒருவர் சுருண்டு படுத்து எப்படியோ உறங்கிவிடும் எல்லை. மூன்றாவது, உயிர் தப்பும் எல்லை. அதனைக் கண்டு வாங்குவோர் விடியுமட்டும் விழித்திருப்பர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் எதனைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெண்களும் முதியோரும் முதல் எண்ணையே கொள்ளவேண்டும்.

தைக்கும் முறை

போடியிலோ தம் ஊரிலோ உள்ள மெத்தை தைப்பவரிடம் இதனைச் சொல்லித் தைத்துக்கொள்ளலாம். வடிவம், தோளருகே அகன்று காலருகே குறுகவேண்டும்; உள்ளே வெற்றிடம் மிகுந்தால் அதனையும் உடலே சூடாக்க வேண்டியிருக்கும். மிகவும் இறுக்கினாலும் பஞ்சு நசுங்கிக் காற்று போய்விடும். புரண்டு படுக்கக் கையகல இடம் போதும். தலைக்கு முக்காடு அவசியம். முகம் மட்டும் வெளியே தெரியவேண்டும். மூச்சை உள்ளே விடலாகாது. அதன் ஈரம் பஞ்சில் தங்கிவிடும்.

துணி, பஞ்சு வெளியே கசியாத நெருக்கமான நெசவுள்ள மெத்தைத் துணியாக இருக்கட்டும். பஞ்சு ஓரிடத்தில் திரளாமலிருக்கப் பையைப் பட்டை பட்டையாகத் தைத்து அறைகளாக்குவர். இங்கேதான் எல்லோரும் சூட்டை இழக்கின்றனர். ஊசி ஊடுருவிச் செல்லும் கோட்டில் இரு துணிகளும் ஒட்டிவிடுகின்றன; அங்கே பஞ்சின் கனம் ஒன்றுமில்லை. பத்துத் தையல் இருந்தால் பத்துக் குளிர்க்கோடுகள். இதற்குத் தொழிற்சாலைகளில் அறைகளுக்கு நடுவே குறுக்குச் சுவர்த்துணி வைப்பார்கள். நம் வீட்டுக்கு எளிய வழி, மெல்லிய இரண்டு பைகளைத் தைத்து ஒன்றினுள் ஒன்றை நுழைப்பது. கொத்தனார் செங்கல் அடுக்கும்பொழுது இணைப்புக்கு நேரே இணைப்பு வராமல் மாற்றி வைப்பாரல்லவா? அவ்வாறே உள்பையின் தையலுக்கு நேரே வெளிப்பையின் அறை நடு வரவேண்டும். இரண்டு பை என்பதால் இளங்குளிருக்கு ஒன்றும் கடுங்குளிருக்கு இரண்டுமாகப் பயன்படுத்தலாம், உலர்த்துவதும் எளிது. ஜிப்பின் உட்புறம் நெடுகிலும் பஞ்சு திணித்த உருளை ஒன்றைத் தைத்துவிட்டால் காற்று நுழையாது.

அடிப்பகுதியில் பஞ்சை மிகுதியாக அடைப்பது வீண். உடலின் எடை அதனை நசுக்கிவிடும்; நசுங்கிய பஞ்சில் காற்றில்லை. அங்கே வேண்டுவது பையன்று, விரிப்பு. நசுங்காத நுரைப்பாய் ஒன்றைத் தரையில் இட்டு மேலே கோரைப்பாயை விரிக்கலாம். நுரைப்பாய் இல்லாத இடத்தில் சாக்கில் அடைத்த உலர்ந்த வைக்கோல் நன்றாகவே பயன்படும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் தரைக்குளிர் முதுகில் ஏறுகின்றது என்போர், விரிப்பை இரட்டிப்பாக்கிப் பார்க்கட்டும்.

சாரலுக்கு அஞ்சிப் பையின்மேல் பாலிதீன் தாளைச் சுற்றுவது தவறு. உறங்குவோரின் உடலிலிருந்து இரவு முழுவதும் ஆவி வெளிப்படும். வெளியேற வழியின்றி அது உள்ளேயே நீராகிவிடும். தார்ப்பாயைத் தலைக்குமேல் கூரையாகக் கட்டவேண்டுமேயன்றி உடலில் சுற்றலாகாது.

வகுப்பில் செய்து காட்ட

ஆசிரியர்களாயுள்ள வாசகர்களுக்கு ஒரு சோதனை. ஒரே அளவான நான்கு கண்ணாடிப் புட்டிகளில் ஒரே சூடுள்ள நீரை ஊற்றி மூடுங்கள். ஒன்றை வெறுமனே விடுக. ஒன்றுக்கு இலவம் பஞ்சைத் தளர்வாகவும், மற்றொன்றுக்கு அதே எடைப் பஞ்சை இறுகக் கயிற்றால் கட்டியும், நான்காவதற்கு நனைந்த துணியும் சுற்றுக. பத்து நிமிடத்திற்கொரு முறை வெப்பமானியால் அளந்து பிள்ளைகளே வரைபடத் தாளில் புள்ளியிடட்டும். தளர்ந்த பஞ்சு மெதுவாகவும், இறுகிய பஞ்சு அதனினும் விரைவாகவும் ஆறும். ஈரத்துணி சுற்றியது வெறும் புட்டியையும் முந்திக்கொண்டு ஆறுவதைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள்.

பேணும் முறை

காலையில் எழுந்ததும் பையைச் சுருட்டலாகாது. முதலில் உள்ளும் புறமும் பார்த்து, எறும்பும் பூச்சியும் இருப்பின் மெல்ல அகற்றி, பிறகு வெயிலில் உலர்த்துக. அடுப்பருகே ஒருபோதும் உலர்த்தலாகாது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூட்டறைக்குள் தொங்கவிடுவதும் கூடாது, ஒரு பொறி போதும். கொசுவத்தியையும் பையிலிருந்து விலக்கி வைக்கவேண்டும். பையைத் துவைக்காமலிருக்க உள்ளே பழைய பருத்தி வேட்டியாலோ சேலையாலோ ஓர் உறை தைத்து, அதனை மட்டும் துவைக்கலாம். பயணம் முடிந்தபின் அழுத்திக் கட்டிப் பரணில் போடாமல், விரித்துத் தொங்கவிடுக. ஒவ்வோர் அறையின் ஒரு முனையை மட்டும் இயந்திரத்தால் தைக்காமல் கையால் நீளத்தையலிட்டு விட்டால், இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை பிரித்து, பஞ்சைக் கொட்டி உதறி, குறைந்ததற்குப் புதுப்பஞ்சு சேர்த்து மீண்டும் தைத்துக்கொள்ளலாம்.